சூட்டறையில் பூல்மணி

ஏலக்காய் விலை விழுந்ததும் எங்கள் முதலாளி முதலில் நிறுத்தியது எஸ்டேட் நர்சம்மாவைத்தான். அதன்பிறகு யாருக்கு உடம்பு நடுங்கினாலும் ஒரே வைத்தியம்: காய் உலர்த்துகிற சூட்டறையில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பது. நல்ல வைத்தியம் போங்கள்! ஆனாலும் அந்த அறைக்குள் போனால் எனக்கே கண் சொருகும். போடிமெட்டு மேகம் சன்னலைத் தடவிக்கொண்டிருக்க, உள்ளே வெதுவெதுப்பும் வாசனையும் ஆளைத் தாலாட்டிவிடும்.

ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பூல்மணியையும் அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். செடிக்குப் பூச்சிமருந்து அடித்தவள், நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்தாளாம். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதே சட்டைமேல் கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள், கூறுகெட்டவர்கள். காய் பொறுக்கப் போன நான் கதவைத் திறந்தபோது, அவள் சிரித்தபடி தன் பாஷையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தது முகம். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. இது குளிர் நடுக்கமில்லை, மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று பட்டது எனக்கு.

"ஏத்தா, என்னையத் தெரியுதா?"

"சுருளியக்கா," என்றாள். "முதலாளிகிட்ட சொல்லண்டா."

மலைக்கு வந்து கற்ற பாதித் தமிழ், பாதி மலையாளம். வேலை குறைந்த நாளில், உடம்புக்கு முடியாதவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் கூலியை நம்பி அங்கே இரண்டு பிள்ளைகள்.

வெளியே ஜீப்புக்காரன் காசிமாயன் ஏலத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மூட்டைய இறக்குடா."

"யக்கோவ், முதலாளி என்னைய உரிச்சுப்புடுவாரு."

"நீ இறக்குறியா, நான் உன்னைய இறக்கட்டுமா? வெரசா!"

வளைவுக்கு வளைவு ஜீப் மேகத்துக்குள் இறங்கியது. ரோடு இல்லை, மலை இல்லை, வெறும் வெள்ளை. என் மடியில் தலைவைத்து அவள் ஏதோ பாடினாள். வார்த்தை புரியாமலே நானும் கூட முனகிக்கொண்டு வந்தேன். எங்கே போகிறோம் என்பதே கொஞ்சநேரம் மறந்துவிட்டது. பாட்டு நின்றதும்தான் பதறினேன்.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன செய்யுது?" என்று கேட்டார்.

பூல்மணி கண்ணைத் திறந்தாள். "காய்ச்சல்," என்றாள். என் கையை இறுக்கினாள். பூச்சிமருந்து என்றால் போலீஸ் எஸ்டேட்டுக்கு வரும், முதலாளிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிடியில் அத்தனை கெஞ்சல்.

"காய்ச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்று கத்திவிட்டேன். "பூச்சிமருந்து அடிச்சவம்மா இவ. சட்டையெல்லாம் மருந்து!"

உடனே சட்டையைக் கழற்றி, அவளைத் தலையோடு கழுவி, ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி அவள் பெட்டியை ஜீப்பிலேயே கொடுத்தனுப்பிவிட்டார். அதைக் கட்டிலடியில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"பேசாட்டிப் போ," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கோவிச்சுக்கிறதுக்காவது இருக்கியேத்தா."