கிறிஸ்துமஸுக்குப் பிறகு அணைத்த அடுப்பு

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் தம்பி டெரிக் கையால் கெட்டான். யாரோடும் கை குலுக்கிவிட்டால் போதும், விஷயம் முடிந்தது என்று நினைப்பவன்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் நாங்கள் மீனுக்குப் புகையூட்டும் கூடம் நடத்துகிறோம். கட்டடம் ரூபர்ட்டுடையது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இரண்டு வாரம் அடுப்பை அணைத்து, புகைபோக்கியில் அப்பிய கரியைச் சுரண்டுவோம். சுரண்டாவிட்டால் கூரையே பற்றிக்கொள்ளும். இது துறைமுகத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

போன வருஷம் போட்ட புதுக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: கூடம் ஒரு வாரம் தொடர்ந்து மூடிக்கிடந்தால் உரிமையாளர் கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த ஜனவரியில் ரூபர்ட் அந்த வரியைக் காட்டி எங்களை வெளியேறச் சொன்னான். வீடு கட்டி விற்பவர்கள் அந்த இடத்தின்மேல் கண் வைத்திருந்தார்கள்.

எங்கள் வக்கீல் மிஸ் ஃபென்விக் தெம்பாகத்தான் பேசினாள்.

"கோர்ட்டு வெறும் எழுத்த மட்டும் பாக்காது, நோர்மா. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னும் பாக்கும். பழைய குத்தகைய எடுத்துட்டு வாங்க."

கொண்டுபோனோம். அதில் 'சுத்தம் செய்யும் நாட்கள் நீங்கலாக' என்று தெளிவாக இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்று அப்போது தெரியவில்லை.

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"சுத்தம் பண்ற வழக்கம் ரெண்டு தரப்புக்கும் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா பழையதுல இருந்த விலக்கு புதுசுல இல்லையே. தெரிஞ்சேதான எடுத்திருக்காங்க?"

டெரிக் துள்ளி எழுந்தான். "ஐயா, நான்தான் எடுக்கச் சொன்னேன்! 'நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு, ரூபர்ட்'னு பப்புல வச்சு..."

"உக்காருங்க. கையெழுத்துக்கு முன்னாடி நடந்த பேச்சுவார்த்தைய சட்டப்படி நான் கேக்கக் கூடாது."

"டேய், உக்காருடா," என்று அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

தோற்றோம். அப்பீலுக்கும் வழியில்லை என்றாள் ஃபென்விக். மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.

வாசலில் ரூபர்ட் நின்றிருந்தான். அவனுக்கும் முகம் சரியாக இல்லை.

"சுத்தம் பண்ற நாளக் கணக்குல எடுக்க மாட்டேன்னு பப்புல சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, டெரிக். கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் கேக்கலையே, நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினான்.

பாவி, என் தம்பி அந்தக் கையைக் குலுக்கினான்.