எட்டாம் அத்தியாயத்துக்கு ஒரு விமர்சனம்

அரிகிருஷ்ணனின் மருந்துக்கடை செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருந்தது. கோட்டை ஏறி, வெயிலில் தலை கிறுகிறுத்து இறங்கி வருகிறவர்களுக்கு மாத்திரை கிழித்துக் கொடுத்துவிட்டு, கவிழ்த்து வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொள்வார். மாதம் ஒரு நாவல், ஒரு தன்வரலாறு, ஒரு கட்டுரை நூல். கடைசி ஞாயிறன்று மூன்றைப் பற்றியும் ஃபேஸ்புக்கில் எழுதுவார். அதைப் படிக்கப் பதினோராயிரம் பேர் இருந்தார்கள்.

நல்ல வாசகர்தான். நாவலில் மழை கொட்டும் பக்கத்தில் கதாநாயகனின் சட்டை நனையவில்லை என்பதைக்கூட விடமாட்டார். ஆனால் அவர் பாராட்டியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வல்லத்தில் பச்சைமுத்து என்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். 'அந்த ஆறு வருடமும் இவர் தூங்கியிருக்கலாம்' என்று அரிகிருஷ்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். நானூறு பேர் சிரித்தார்கள். பச்சைமுத்து அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை. ஒரு மோசமான எழுத்தாளர் குறைந்தார் என்றுதான் அரிகிருஷ்ணனுக்குத் தோன்றியது.

தை மாதம் ஒரு பார்சல் வந்தது. விழுப்புரத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் அறிவுமதி எழுதிய தன்வரலாறு. உள்ளே ஒரு கடிதம். 'எட்டு வருடமாக உங்கள் குறிப்புகளைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்குகிறேன். உங்களுக்கு அனுப்பத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நீங்கள் திட்டினாலும் பெருமைதான்.'

முதல் ஏழு அத்தியாயங்களைப் பென்சில் வைத்துக்கொண்டு படித்தார். காலனி வீடு, பள்ளிக்கூடம், அம்மா மீனம்பாள் கூலிக்குப் போனது. எளிமையான தமிழ். பிரசவ வார்டைப் பற்றி எழுதப்போகிற பெண் என்பது தெரியும்படி, எதையும் கூசாமல் பார்க்கிற கண். 'பரவாயில்லை' என்று ஓரத்தில் எழுதினார்.

எட்டாம் அத்தியாயத்தில் பென்சில் நின்றுவிட்டது.

ஒன்பது வயது அறிவுமதி அம்மாவோடு தொண்டூர் பெரிய வீட்டுக்கு மல்லாட்டை ஆய, செடியிலிருந்து வேர்க்கடலை பறிக்கப் போகிறாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் கிடந்த ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறாள். அந்த வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது, பார்த்துவிடுகிறான். 'ஒரு பக்கம் தப்பில்லாம படி, புக்கு உனக்குத்தான்' என்கிறான். அவள் படிக்கிறாள். ஒரு தப்பும் இல்லை. அவன் நேராக அப்பாவிடம் ஓடி, கூலிக்காரி மகள் புத்தகத்தைத் திருடிவிட்டாள் என்கிறான். பெரியவர் தாம்புக்கயிற்றை மீனம்பாள் கையில் கொடுக்கிறார். 'நீயே அடி. நான் சொல்றப்ப நிறுத்து.' மகனைப் பார்த்து, 'நீ எண்ணுடா.' தாய் அடிக்கிறாள். பையன் எண்ணுகிறான். ஒன்பது அடி.

அந்த வீட்டைப் பற்றிப் புத்தகத்தில் ஊர்ப் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. அப்பனைப் பெரியவர் என்றும் மகனைச் சின்னவர் என்றும் எழுதியிருந்தாள். கூலிக்காரர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அரிகிருஷ்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்பது இல்லை, பதினொன்று. அவர்தானே எண்ணினார். அடுத்த வருடமே அவரை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள், பிறகு நிலத்தை விற்றுக் குடும்பமே செஞ்சிக்கு வந்துவிட்டது. இவள் யாருக்குப் புத்தகம் அனுப்பியிருக்கிறாள் என்பது இவளுக்கே தெரியாது என்று புரிந்தபோது முதலில் காது சூடானது. அப்புறம், தண்ணீர் குடித்த பிறகு, நிம்மதியாக இருந்தது.

கடைசி ஞாயிறன்று எழுதினார். ஏரிப் பாசனம் பற்றிய கட்டுரை நூலுக்கு ஒரு பத்தி, புகழ்ச்சி. மலையாளத்திலிருந்து வந்த நாவலுக்கு ஒரு பத்தி, பாதிப் புகழ்ச்சி. மிச்சமெல்லாம் அறிவுமதிக்கு. 'வார்டைப் பற்றிய பக்கங்கள் நேர்மையானவை. ஆனால் எட்டாம் அத்தியாயம் மிகை. ஒன்பது வயதுச் சிறுமி ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் படித்தாளாம். பெற்றவளே கயிற்றால் அடித்தாளாம். எந்தத் தாயாவது செய்வாளா? பிறர் துயரத்தைப் படித்துப் படித்துத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கும் எழுத்தாளர்கள் உண்டு. ஆசிரியர் தன் தாயையும் அவமானப்படுத்தியிருக்கிறார்.'

கடைசி வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அந்த வரிதான் வேலை செய்யும் என்று தெரிந்தது.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"சார், நான் அறிவுமதி. தொந்தரவு பண்றேனா?"

"சொல்லுங்க சிஸ்டர்."

"நீங்க எழுதினத அம்மாகிட்ட படிச்சிக் காட்னேன் சார். அப்படி அடிச்சியாம்மான்னு கேட்டேன். நான் எப்படி உன்ன அடிப்பேன், உன்மேல கையே வச்சதில்லன்னு சொல்ட்டாங்க. சொல்லிட்டு ரெண்டு நாளா சாப்டவே இல்ல. எனக்கு முதுகெல்லாம் எரிஞ்சது ஞாபகம் இருக்குது சார். ஆனா அம்மா ஏன் பொய் சொல்லப் போறாங்க?"

அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்பது அரிகிருஷ்ணனுக்கு நன்றாகவே தெரிந்தது. அடித்தபோது மீனம்பாளின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர் அவர்.

"மனசு அப்படித்தான் சிஸ்டர். சின்ன வயசுல கேட்ட கதை, படிச்ச கதை எல்லாம் நமக்கே நடந்தாப்ல ஒட்டிக்கும். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்ப எடுத்துடட்டுமா சார்? ரெண்டாவது பதிப்பு போடலாம்னு பதிப்பாளர் நெடுமாறன் சொல்றாரு."

"எடுத்துட்டா புக்கு சுத்தமாயிடும்."

"அப்படின்னா நீங்களே ஒரு முன்னுரை எழுதித் தருவீங்களா?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். நான்கு பக்கம் எழுதினார். 'தன் நினைவையே சந்தேகிக்கும் துணிச்சல் இந்த ஆசிரியருக்கு இருக்கிறது' என்பது அதில் பலருக்கும் பிடித்த வரி.

இரண்டாம் பதிப்பின் வெளியீடு செஞ்சியில், ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நடந்தது. அறுபது நாற்காலியும் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் அறிவுமதியும் அவள் அம்மாவும். மீனம்பாளுக்கு எண்பது வயதிருக்கும். அவள் வருவாள் என்று அரிகிருஷ்ணன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருடத்தில் முகம் மாறாமலா இருக்கும் என்று மேடை ஏறிவிட்டார்.

வாசகர் வட்டச் செயலாளர் தனசேகரன் மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் ஊரும் குலமும் சேர்த்துச் சொல்லி வரவேற்பதுதான் மரியாதை என்று நினைக்கிற மனிதர்.

"அடுத்து நம்ம சிறப்பு விருந்தினர், தொண்டூர் பெரிய வீடு, காலஞ்சென்ற இளையபெருமாள் அவர்களின் ஒரே புதல்வர்..."

மீனம்பாள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டாள்.

"உக்காரும்மா. இன்னாம்மா ஆச்சு?" அறிவுமதி கையைப் பிடித்து இழுத்தாள்.

"சின்னவரு பேசி முடிக்கட்டும்டி."

அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். அரிகிருஷ்ணன் மைக்குக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் எல்லோரும் ஏனென்று கேட்பார்கள். பேசினார். இருபது நிமிடம், இன்றைய தன்வரலாறுகளில் உண்மையின் இடம் பற்றி. எண்பது வயதுக் கிழவி அத்தனை நேரமும் நின்றாள். வயதானவர் எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் என்று பின்வரிசையில் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

கைதட்டல் நடுவே அறிவுமதி மேடையேறினாள். எல்லோரும் அவள் பொன்னாடை போர்த்தப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும் சார்?"

"மொத தடவ படிக்கும்போதே."

"அம்மா ரெண்டு நாள் சாப்டலன்னு சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "புக்கு இப்ப நல்லா வந்திருக்குது சிஸ்டர். அதப் பாருங்க."

அவள் முகத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்துத் தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். அவள் கையைத் தூக்கக்கூட இல்லை. இறங்கி, அம்மாவின் இடுப்பில் கைகொடுத்து, ஒவ்வொரு படியாக அழைத்துக்கொண்டு போனாள். பாதிப் படியில் மீனம்பாளின் குரல் மேலே கேட்டது. "நான் அடிச்சேன்டி. நான்தான் அடிச்சேன்." அதற்குப் பிறகு அழுகைச் சத்தம் மட்டும்.

"இன்னா சார் ஆச்சு?" என்று நெடுமாறன் பதறினார்.

"அம்மாவுக்கு உடம்பு முடியல போல."

தனசேகரன் நன்றியுரை சொன்னார். டீயும் சமோசாவும் வந்தன. ஆசிரியர் இல்லாததால் ஜனங்கள் புத்தகத்தை அரிகிருஷ்ணனிடம் நீட்டினார்கள். அவர் ஒவ்வொன்றாக முன்னுரைப் பக்கத்தைத் திறந்து, தன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.