நாலு விரல் உயரம்

கையுறையைக் கழற்றினார் பாருங்கள், அங்கேதான் லோர்னாவுக்கு வயிறு எரிந்தது.

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு. காலை எட்டரை மணி. சந்தை மணிக்கூண்டுக்குக் கீழே பதினொரு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். வானம் அழுக்குத் துணியாகத் தொங்குகிறது, மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இந்தக் குளிரில் எவனாவது கையுறையைக் கழற்றுவானா? ஒன்பது குளிர்காலமாக லோர்னா இந்தக் கிளப்பில் ஓட்டுகிறாள். கேப்டன் கிளிஃபர்ட் கையுறை இல்லாமல் அளந்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குளிர்காலச் சவாரிக்கு இந்த ஊர்க்காரர்களிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பின் சக்கரத்துக்கு முழு நீள மட்கார்டு இருக்க வேண்டும். அதன் நுனியில் ஒரு ரப்பர் தொங்க வேண்டும். அந்த ரப்பருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பின்னால் ஒட்டி வருகிறவன் மூஞ்சியில் மாட்டுச் சாணியும் மண்ணும் அடிக்கக் கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ போட்ட சட்டம். கேப்டன் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் குனிந்து, கையைப் பக்கவாட்டில் தரையில் வைத்துப் பார்ப்பார். ரப்பர் கையைத் தொட்டால் போகலாம், தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

லோர்னாவின் ரப்பர் சாதாரண ரப்பர் இல்லை. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பஸ் படிக்கட்டில் கிடந்த பழைய மிதியடியை டிப்போவில் தூக்கி எறிந்தபோது, அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் பால் பாட்டிலை வெட்டி மாட்டினால் காற்றடித்ததும் மேலே தூக்கிக்கொள்ளும். இது கனம், தொங்கினால் தொங்கினபடி நிற்கும். கையில் கையுறையை மாட்டிக்கொண்டு, சமையலறைத் தரையில் நாலு விரலை வைத்து, ரப்பர் சரியாகத் தொடுகிற உயரத்தில் துளை போட்டு, ரெண்டு போல்ட் இறுக்கி, அதற்கு மேல் பசையும் போட்டிருந்தாள்.

அது மட்டுமா? கிறிஸ்துமஸ் லீவு முழுக்க அந்தப் பழைய இரும்பு சைக்கிளோடுதான் குடித்தனம். மெல்லிய டயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் அகலமானதைப் போட்டாள். அதைவிட அகலமாகப் போட்டால் மட்கார்டு உரசும் என்று காகிதத்தை மடித்துச் செருகிச் செருகிப் பார்த்தாள். ஈர ரோட்டில் பிடிப்பு வேண்டும் என்று காற்றைக் குறைத்தாள். மழையில் வழுக்காத மெத்தென்ற பிரேக் கட்டை, தண்ணீரில் கழுவிப் போகாத கெட்டி எண்ணெய் செயினுக்கு, கேபிளுக்குள்ளே கிரீஸ். அவள் புருஷன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "அந்த சைக்கிளைக் கட்டிக்கிட்டிருந்தா நீ இன்னும் நல்லா இருந்திருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவ்வளவும் எதற்கு? ஏப்ரலில் நூறு மைல் பந்தயம். கிளப்புக்கு நாலு பேர் அணி. ஜனவரி முடிவதற்குள் ஆறு குளிர்காலச் சவாரி முடித்தவர்களுக்குத்தான் இடம். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு ரெண்டு பேர். லோர்னாவுக்கு ஐந்து சவாரி ஆகியிருந்தது, கேப்டனின் மருமகன் டொமினிக்குக்கும் ஐந்து. ஐம்பத்தொரு வயதில் இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது லோர்னாவுக்குத் தெரியும்.

கேப்டன் கையுறையை விரல் விரலாக உருவிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த மெலிந்த வெறுங்கையை ரப்பருக்குக் கீழே வைத்தார். கைக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி பல்லிளித்தது.

"தொடலையே லோர்னா" என்றார்.

"கையுறையைப் போட்டு அளங்க, தொடும்."

"சட்டத்துல விரல்னு இருக்கு. கையுறைன்னு இல்ல."

"போன வாரம் இதே சைக்கிளை, இதே ரப்பரை, கையுறையோட அளந்து அனுப்பினீங்களே கேப்டன். ஒரு வாரத்துல உங்க விரல் இளைச்சுப் போச்சா?"

யாரோ சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "தப்பைப் போன வாரம் கவனிக்காம விட்டுட்டேன். அதுக்காக இன்னைக்கும் விட முடியுமா? வீட்டுக்குப் போம்மா."

லோர்னாவின் பார்வை வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கே டொமினிக் நின்றான். பந்தயத்துக்கென்றே செய்த கறுப்பு சைக்கிள். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. மட்கார்டு இல்லை, ரப்பர் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அவனை அளந்தாச்சா?" என்று கேட்டாள்.

"அவன் ஃபிரேம்ல மட்கார்டு மாட்ட இடமே இல்ல. இல்லாததை எப்படி அளக்கறது? இருக்கறதைத்தான் அளக்க முடியும்."

கேட்டீர்களா நியாயத்தை? போட்டவள் ஒரு விரல் குறைவாகப் போட்டதால் குற்றவாளி. போடவே போடாதவன் உத்தமன். இதை மனுஷன் கூசாமல், பத்து பேர் நடுவில், மழையில் நின்றுகொண்டு சொன்னார். அந்தப் பத்து பேரும் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹில்டா ஒருத்திதான் வாயைத் திறந்தாள். முப்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள் அவள். நாயையே பயமுறுத்துகிற நாக்கு.

"கிளிஃபர்ட், மாப்பிள்ளைக்கு வேணும்னா தனியா விருந்து வைய்யி. எங்க மூஞ்சியில எதுக்கு வைக்கறே?"

"ஹில்டா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் கிளம்பினார். மழை நாளில் மட்கார்டு இல்லாதவன் கடைசியில் வர வேண்டும் என்பது கோடையில்கூட வழக்கம். அதையும் காற்றில் பறக்கவிட்டு, மருமகனைத் தனக்கு முன்னால் போகச் சொன்னார். எதிர்காற்றாம், இளரத்தம் முன்னால் போகட்டுமாம்.

வீட்டுக்குப் போவதா? லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். முப்பது எண்ணுவதற்குள் கிளப் பேக்கரி முனையில் திரும்பிவிட்டது. பிறகு ஏறி மிதித்தாள். வரிசையில் சேரக் கூடாது, அவ்வளவுதானே? ரோடு கேப்டன் வீட்டு வரவேற்பறை இல்லை. ஐம்பது கஜம் பின்னால், தனியாக, போகும் தூரம் முழுக்க அவளும் போனாள். முன்னால் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றை மறைத்துக்கொள்ள ஆள் இருந்தது, அவளுக்கு இல்லை. மேட்டில் தொடை எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது மழையா கோபமா என்று அவளே கேட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டு மைல் தள்ளி, மேட்டு நிலத்தின் அந்தப் பக்கம் ஒரு பண்ணைவீட்டு டீக்கடை. அவள் சைக்கிளைச் சுவரில் சாத்தியபோது, மற்றவர்கள் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். டொமினிக்கின் சக்கரம் பண்ணைச் சந்துகளில் கிடந்ததையெல்லாம் வாரி வாரிக் கொடுத்திருந்தது. கேப்டனுக்குத்தான் முதல் பங்கு. மூக்கு, மீசை, பல் இடுக்கு என்று ஓரிடம் பாக்கியில்லை. அவர் ரெண்டு தடவை சோப்புப் போட்டார்.

உள்ளே லோர்னா தனி மேசையில் உட்கார்ந்தாள். ஹில்டா தன் பீன்ஸ் டோஸ்ட் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, சண்டை போடாம என்ன டீயைக் கிளறிட்டிருக்கே?"

"என்ன சண்டை போட? சவாரிக் கணக்குப் புஸ்தகம் அவர் கையில. பென்சிலும் அவர் கையில."

"வரிசையில வரலேன்னு சொல்லி உன் பேரை எழுத மாட்டான், பாரு."

"தெரியும்" என்றாள் லோர்னா. "ஆனா நான் வந்தேன்."

திரும்பும்போது மழை கொட்டியது. காற்றும் திசை மாறி, நேராக நெஞ்சில் மோதியது. அப்படிப்பட்ட காற்றில் பலசாலியான ஒருவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால்தான் வேகம் கிடைக்கும். அதனால் எல்லாரும் டொமினிக்கின் பின்னாலேயே ஒட்டினார்கள், சாணி அபிஷேகத்தோடு. கேப்டன் மட்டும் டீக்கடை வாசலிலேயே, "முட்டி வலிக்குது, நீங்க போங்க, மெதுவா வர்றேன்" என்று சொல்லிவிட்டார். முட்டிக்கு ஒன்றும் இல்லை. மருமகன் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொரு தடவை வாய் திறக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

பொட்டல் மேட்டில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், லோர்னா அவரைப் பிடித்தாள். அறுபத்தெட்டு வயது ஆள். தனியாக, காற்றுக்குக் குனிந்து, நடக்கிற வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கடந்து போனாள். அடுத்த நிமிஷம் பின்னால் அவருடைய செயின் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை பேசாமல், முன் சக்கரத்தை அவளுடைய பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார், அந்த ஆள்.

இப்போது எழுந்து நாலு மிதி மிதித்தால் போதும், மனுஷன் கழன்று போய்விடுவார். லோர்னாவின் கால் அதற்கு ஆசைப்பட்டது. ஆனால் பஸ் ஓட்டுகிறவள், ரோட்டில் ஒருத்தரை விட்டுவிட்டுப் போய்ப் பழக்கமில்லை. அதோடு வேறொரு எண்ணமும் வந்தது. வரட்டும். கடைசி வரைக்கும் இந்த ரப்பருக்குப் பின்னாலேயே வரட்டும். வேகத்தை அளவாக வைத்துக்கொண்டு, காற்று முழுவதையும் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, பதினாறு மைல் அவரை இழுத்து வந்தாள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பிடித்தது. பண்ணைச் சந்தில் சாணிக் குழம்பு கிடந்தது, ரப்பர் அதைத் தரையோடு தரையாக அடக்கிவிட்டது. அத்தனை மைலுக்கும் அவர் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

மணிக்கூண்டுக்கு எதிரே பேக்கரியின் கூரைக்கடியில் மற்றவர்கள் நடுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் பழுப்புக் குழம்பு, கண் மட்டும் தெரிந்தது. கேப்டன் இறங்கினார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய புத்தகத்தை எடுத்தார். கூரைக்கடியில் போய் நின்று, கையுறையோடேயே பென்சிலைப் பிடித்து வரிசையாகப் பேர் சொல்லி டிக் போட்டார். "டொமினிக், ஆறு." புத்தகத்தை மூடினார்.

"என் பேரு?" என்றாள் லோர்னா.

"நீ வரிசையில இல்லையேம்மா."

"திரும்பி வரும்போது நம்ம ரெண்டு பேர்தான் வரிசை. முன்னாடி நான், பின்னாடி நீங்க."

"அது வேற. உன் ரப்பர் சட்டப்படி இல்ல. அதை நான் காலையிலேயே சொல்லிட்டேன்."

லோர்னாவுக்குள் காலையிலிருந்து அடைந்து கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. பஸ்ஸில் பின் சீட்டுப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"கேப்டன், இந்தக் கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். பேக்கரிக் கண்ணாடியில் பத்து பழுப்பு முகத்துக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளை முகம், சோப்பு வாசனைகூடப் போகாமல், மீசை உள்பட. ஹில்டா தன் கன்னத்திலிருந்து ஒரு விரல் சாணியை வழித்துக் கண்ணாடியின் மேல், அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

"டீக்கடையில கழுவின மூஞ்சி" என்றாள் லோர்னா. "பதினாறு மைல் என் சக்கரத்துக்குப் பின்னாடி வந்திருக்கு. என் ரப்பர் சட்டப்படி இல்லேன்னா, இந்த மூஞ்சி எப்படிச் சுத்தமா இருக்கு? என் பேரை எழுதுங்க. இல்லேன்னா மூஞ்சியை அழுக்காக்காம எப்படி வந்து சேந்தீங்கன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு."

கேப்டன் மீசையைத் தடவினார்.

"அப்புறம் டொமினிக் விஷயம்" என்றாள் அவள். "இல்லாததை அளக்க முடியாதுன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அளக்கவே அளக்காததை மட்டும் எப்படி எழுதுவீங்க?"

பத்து பேரும் இப்போது ஷூவைப் பார்க்கவில்லை. டொமினிக் கையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தான், இன்னும் மோசமானது. "மாமா, விடுங்க. அவங்க சொல்றது சரிதான்" என்றான். காலையிலேயே சொல்லியிருக்கலாம், படுபாவி. ஆனால் சொன்னான், அது வரைக்கும் சரி.

கேப்டன் புத்தகத்தை மறுபடி திறந்தார். டொமினிக்கின் டிக்கைக் கோடு போட்டு அடித்தார். லோர்னாவின் பேருக்கு நேரே ஆறு என்று எழுதினார்.

"இருங்க" என்றாள் லோர்னா. தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "அளங்க."

"எழுதிட்டேனே."

"தயவுக்கு எழுதினதா இருக்க வேண்டாம். அளங்க."

அவர் குனிந்தார். காலையில் செய்ததைப் போலவே கையுறையைக் கழற்றப் போனார். நாலு மணி நேரம் நனைந்து ஊறிய கையுறை, மரத்துப்போன விரல், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே கையுறையோடு நாலு விரலைத் தரையில் வைத்தார்.

ரப்பர் தொட்டது.

"அதையும் எழுதுங்க" என்றாள் லோர்னா. "கையுறையோட அளந்ததுன்னு."

அவர் எழுதினார். அந்தத் தடித்த கையுறையில் பென்சில் நிற்கவில்லை, எழுத்து ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையுடையதைப் போலக் கோணிக்கொண்டு போனது. எழுதி முடிக்கும் வரைக்கும் லோர்னா நகரவில்லை.