தடைக்காலத்துக்குக் காத்திருந்த கட்டி

2005 பொங்கல் கழிந்த வாரத்தில், பவானியின் இடது தோளில் இருந்த கட்டி கடலோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது. கடல் ஏற்றத்தில் எலுமிச்சை அளவு, வற்றத்தில் புளியங்கொட்டை அளவு, நாளைக்கு இரண்டு முறை. அவள் கம்மாபுரத்துக்காரி, கடலில் கால் நனைக்கவும் பயப்படுபவள். சிதம்பரத்தில் கூடப் படித்த அறிவழகனைக் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் வந்திருந்தாள். அவன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். சுனாமி வந்து மூன்று வாரமே ஆகியிருந்ததால், படகு மிஞ்சியவர்களுக்கும் கடலில் இறங்கத் துணிவில்லை. கட்டி கல்லாக இறுகினால் மறுநாள் கடல் கெட்டது. மூன்று முறை சரியாக இருந்தது. நான்காம் முறை மீனவர் சின்னையன் அதை நம்பாமல் கடலுக்குப் போனார். படகின் பலகை மட்டும் திரும்பியது. அதன்பின் ஒரு பெண் வந்து பவானியின் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாமல் எந்தப் படகும் இறங்கவில்லை. பஞ்சாயத்தார் அவள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தங்கையின் கல்யாணத்துக்குக்கூட அவளால் ஊரைத் தாண்ட முடியவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் சிதம்பரத்து டாக்டர் தட்சிணாமூர்த்தி, இது தோலுக்கடியில் வளரும் அபூர்வமான புற்றுக்கட்டி என்றார். "மேல தெரியறது கொஞ்சந்தான். சுத்தி மூணு விரல் அகலத்துக்கு எடுக்கணும். சீக்கிரம் வந்துடுங்க." ஊர்த் தலைவர் கண்ணாயிரம் வேறு தேதி வைத்திருந்தார்.

"தடக்காலம் வரட்டும் மாப்ள. அந்த நாப்பத்தஞ்சு நாளு படகே போவாது, உன் பொண்டாட்டிய யாரும் தேட மாட்டாங்க. இப்பக் கூட்டிம்போனா நாங்க எதப் பாத்து எறங்குறது?"

அறிவழகன் தலையாட்டினான். பவானி சிரித்தாள்.

"எனக்கும் மீனுக்கும் ஒரே லீவு மாமா."

2006 மே மாதம் கட்டியை எடுத்தார்கள். டாக்டர் காலையில் பேனாவால் போட்ட வட்டத்தைக் கட்டி மாலைக்குள் தாண்டியிருந்தது. அவர் வட்டத்தை அழித்துப் பெரிதாகப் போட்டார், வியப்பு எதுவும் காட்டவில்லை. ஓரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது, மறுபடி வெட்ட வேண்டும் என்று பரிசோதனை முடிவு வந்தபோது ஜூன் பிறந்து படகுகள் இறங்கிவிட்டன. தழும்புக்கடியில் கடுகளவு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. மறு வெட்டு அடுத்த ஏப்ரலில் நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். 2008இல் மறுபடி வந்தது. அடுத்த தடைக்காலத்தில் வெட்டி, முப்பத்து மூன்று நாள் கரண்டு என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். நாற்பத்தைந்துக்குள் முடிந்ததே என்று கண்ணாயிரம் மகிழ்ந்து ஒரு கூடை சங்கரா மீன் அனுப்பினார். பவானி அதைத் தொடவில்லை.

2010 ஆடியில் நான்காவதாக வந்தபோது அவள் கண்ணாயிரத்திடம் நேராகக் கேட்டாள்.

"இந்தத் தடவ இப்பவே போயிடலாமா மாமா?"

"இன்னும் எட்டு மாசந்தான் பவானி."

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஏப்ரலில் படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் ஏழு இடத்தில் புற்று இருந்தது. "ஆடியிலேயே வந்திருக்கலாமே" என்று மட்டும் டாக்டர் சொன்னார். அதன்பின் அவள் மூச்சும் ஏற்றத்தில் நிறைந்தது, வற்றத்தில் அடியோடு குறைந்தது. டிசம்பர் கடைசியில் கட்டி மூன்று நாள் கல்லாக நின்றது. ஒரு படகும் போகவில்லை. புயல் ஊரைப் புரட்டியது, ஆள் சேதம் இல்லை. மரங்கள் விழுந்து சிதம்பரம் ரோடு அடைபட்டுக் கிடந்தது. புயல் அடித்த ஐந்தாம் நாள் வற்றத்தில் அவள் இறந்தாள்.

அறிவழகன் யாரையும் கேட்காமல் உடலைக் கம்மாபுரம் கொண்டுபோய், மாமனார் தேவநாதனின் கொல்லையில் புதைத்துவிட்டு அங்கேயே தங்கினான். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தமும் கேட்காது. பதினாறாம் நாள் முதல் புதைமேடு ஏறி இறங்கியது. தேவநாதன் வேலியைக் கொஞ்சம் தள்ளி நட்டார். செய்தி பஸ்ஸில் தேவனாம்பட்டினம் போயிற்று. அடுத்த நாள் கண்ணாயிரத்திடமிருந்து அறிவழகனின் செல்போனுக்கு அழைப்பு வந்தது. ஆறு நாள் அவன் எடுக்கவில்லை. ஆறு நாளும் படகுகள் மணலிலேயே கிடந்தன. ஏழாம் நாள் எடுத்தான்.

"மாப்ள, புள்ளைங்க பட்டினி. எப்டியிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுப்பா."

அவன் குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தான்.

"கல்லா இல்ல, மெதுவாத்தான் இருக்கு. போங்க."

போனை வைத்த பிறகும், வற்றம் வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை.