எந்தப் பூங்காவில் கூட்டம் அதிகம்?

அக்காவும் தம்பியும் ஒரே தொழில். ஊரின் ஒரு கோடியிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவில் அவளுக்குக் கட்டுப்பாட்டு அறை வேலை; மறுகோடியிலுள்ள போட்டிப் பூங்காவில் அவனுக்கும் அதுவே. விடுமுறை வந்தால் யார் பக்கம் கூட்டம் அதிகம் என்று போனில் வம்பிழுத்துக்கொள்வார்கள்.

அன்று மதியம் தம்பியின் குரலில் கேலி இல்லை.

“அக்கா, இங்க எள்ளுப் போட இடமில்ல. இருபத்திரண்டாயிரத்தோட கேட்டை மூடிட்டோம். திருப்பி அனுப்பின ஜனமெல்லாம் உன் பக்கம்தான் வருது.”

அவளுடைய பூங்கா இருபதாயிரம் பேருக்கானது. ஏறக்குறைய நிரம்பிவிட்டது. மேனேஜரிடம் சொன்னாள்.

“வரட்டும். இந்த வருஷமாவது அவங்களை முந்தணும்” என்றார் அவர்.

“அவங்க இடம் பெரிசு சார். நம்ம அலைக்குளத்துக்குப் போக ஒரே வழிதான்.”

“வருஷா வருஷம் இதைத்தானேம்மா சொல்றீங்க. என்ன ஆச்சு?”

உண்மைதான். ஒன்றும் ஆனதில்லை. அவள் கேமராத் திரைகளின் பக்கம் திரும்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அலைக்குளத்து வழியில் தலைகள் நகராமல் நின்றன. திரையில் ஓர் ஆள் தன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி, வேலிக்கு அப்பாலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்டினான். குளத்தில் அடுத்த செயற்கை அலை வருவதை அறிவிக்கும் சைரன் ஒலித்தால் மிச்சக் கூட்டமும் அங்கேதான் ஓடும்.

சைரனை நிறுத்தினாள். வாக்கிடாக்கியை எடுத்தாள்.

“உள்ள வர்ற எல்லா கேட்டையும் மூடுங்க. குளத்துப் பக்கம் வேலியைப் பிடுங்குங்க. கேள்வி கேக்காதீங்க, பிடுங்குங்க.”

“யாரைக் கேட்டு மூடுனீங்க?” என்று மேனேஜர் எகிறினார். அவள் திரையைக் காட்டினாள். பார்த்தவர் படியிறங்கி ஓடினார்.

வேலி சாய்ந்தது. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஓரத்தில் நின்றவர்கள் புல்வெளிப் பக்கம் ஒதுங்கினார்கள். நெரிசல் மெல்லப் பிரிந்தது. குழந்தை தகப்பன் கைக்குத் திரும்பியது. வெளியே டிக்கெட் கிடைக்காதவர்கள் கேட்டை உதைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலுதவி அறையில், நெரிசலில் கை முறிந்த ஒரு பெண் படுத்திருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“இவ்ளோ பேரை ஏன் உள்ள விட்டீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

வாசலில் நின்ற மேனேஜர் தலைகுனிந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண்ணின் மறுகையைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.