செருப்பு வசனம்

"இன்னைக்கு என்ன வேஷம்?"

"சாகுறேன்."

"எத்தன மணிக்கு?"

"பகல் சாப்பாட்டுக்கு முன்னுக்கே முடிச்சிருவாங்க."

"அப்ப சோறு கட்டல. வந்து சூடா சாப்பிடுங்க."

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, லோகேஸ்வரன் முதன்முதலாகத் தொலைக்காட்சி நாடகத்தில் இறந்துபோன காலையில் நடந்த பேச்சு. ஈஜோக் சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்த விமலாவுக்கு இன்று ஏனோ அது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. இரு பக்கமும் செம்பனை மரங்கள் வெயிலை அரித்து அரித்துச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் கணவர், இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தார். கோல சிலாங்கூரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கால். அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்றிருந்தார். நடிக்கக் கூடாது என்று சொல்ல டாக்டருக்குத் தோன்றவில்லை. அதனால்தான் விமலா முதல்முறையாகப் படப்பிடிப்புக்கு வருகிறாள்.

"சிக்னல் போடு விமலா."

"எதுக்க மாடுதான் வருது. மாட்டுக்கு எதுக்கு சிக்னலு?"

முப்பத்தொரு தடவை செத்திருக்கிறார். அப்பாவாக, பெரியப்பாவாக, ஒரு தடவை தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோராக. ஒவ்வொரு சாவுக்கும் முதல் நாள் சமையலறை மேசையில் ஒத்திகை. மற்ற எல்லோருடைய வசனத்தையும் விமலா படிப்பாள். அவர் தன்னுடையதை விலைப்பட்டியல் மாதிரி ஒப்பிப்பார். வீட்டிலேயே நடித்துவிட்டால் அங்கே போய் உணர்ச்சி வற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை. மனைவியிடம் உருகும் இடம் வந்தால், "அப்புறம் அது இது" என்று தாளைத் திருப்பிவிடுவார். இத்தனை வருடங்களில் அவளுக்குக் கிடைத்தது அந்த 'அது இது'தான்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்பு குடியிருந்த பழைய வீட்டில் கட்டில் போட்டிருந்தார்கள். மனைவியாக நடிக்கும் நிருபா அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இயக்குநர் திலீப் கையசைத்ததும் வீடே மூச்சடக்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. லோகேஸ்வரன் கண் திறந்தார். 'நீதான் என் உயிர்' என்பதுதான் வசனம். நேற்று 'அது இது' என்று தள்ளிவிட்ட வரி.

"சாயங்காலம் வாசல்ல உன் செருப்பு கெடக்கும் பாரு," என்றார் அவர் நிருபாவிடம். "வார் அறுந்த பக்கம் ஊக்கு குத்தியிருக்கும். அத பாத்தாத்தான் எனக்கு வீடு வந்த மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுச் செத்துப்போனார். நிருபா கிளிசரின் இல்லாமலே அழுதாள். கதவோரம் நின்ற விமலா குனிந்து தன் காலைப் பார்த்தாள். இடது செருப்பின் ஊக்கு மின்னியது.

பிணமாக நடித்தவர் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அது வழக்கம். அப்போதுதான் சாவு அங்கேயே கழியுமாம்.

"அங்கிள், கேமராவ பாத்து சிரிங்க லா! ஆன்ட்டிய பாத்து இல்ல!" என்று திலீப் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் ஈரத்துணியால் முகப்பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம் போய்க் கன்னம் மெல்ல உயிர் பெற்றது. கம்போங் குவாந்தான் கிராமத்தருகே ஆறு மாலை வெயிலில் நகராமல் கிடப்பதுபோல் இருந்தது. விமலா சிக்னல் போட்டு, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"என்னா, வண்டிக்கு என்னா ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "அந்த செருப்பு வசனம்..."

அவர் துணியை மடித்தார். மறுபடியும் மடித்தார்.

"எனக்கு ஒரு தடவ சொல்லுங்க," என்றாள் விமலா. "முழுசா. சாகாம."