எந்தக் கண்ணில் ஒட்டுவது

மகளின் கண்ணில் மறைப்புப் பட்டையை ஒட்டி ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தியபோது தையல்காரனுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. வாலு அழவில்லை. மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒட்டினால் வீடே அதிரும், ஒட்டிய வேகத்திலேயே பட்டை பிய்ந்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கைப்பக்குவம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

போன வருஷம் ஒரு போட்டோவில் வாலுவின் இடது கண்மணி வெள்ளையாக மின்னியது. உள்ளே புற்றுக்கட்டி. கண்ணை எடுக்கத்தான் போகிறார்கள் என்று ஊரே பேசியது. டாக்டரம்மா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மொதல்ல உசிரு, அப்புறம் கண்ணு, அதுக்கப்புறம்தான் பார்வை. இந்த வரிசைலதான் போவேன். ஆனா மூணுக்குமே முயற்சி பண்ணுவேன்" என்றார். மருந்து ஏறியது, முடி கொட்டியது, லேசர் வைத்தார்கள். கட்டி சுருங்கிக் காய்ந்துபோனது. உயிர் இருக்கிறது, கண் இருக்கிறது. டாக்டரம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பான். மூன்றாவதுக்குத்தான் இந்தப் பட்டை.

பேக்கிங் கம்பெனியிலிருந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எந்தக் கண்ணுல ஒட்டியிருக்கீங்க?"

"நோவு கண்ணுலதான். நல்லா இருக்கற கண்ணுக்கு எவனாவது கட்டு போடுவானா?"

"ஐயோ, என் அறிவுக்கொழுந்தே! நல்ல கண்ண மூடுனாத்தான் அந்தக் கண்ணு பாக்கப் பழகும். டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

"உள்ள போனது நீ. நான் மருந்துக்கு வரிசைல நின்னேன்."

"அதான் உங்ககிட்ட மட்டும் சமர்த்தா இருந்தாளா?"

பட்டையை உரித்து வலது கண்ணுக்கு மாற்றினாள். வாலு வீறிட்டாள். தரையைத் துழாவினாள், நாற்காலிக் காலில் மோதினாள். அவன் கை தானாகப் பட்டையை நோக்கிப் போனது. மனைவி தட்டிவிட்டாள்.

"விடுங்க. அதுல பார்வை இருக்கான்னே நமக்குத் தெரியாது. இன்னிக்காவது தெரியட்டும்."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். குரலை வைத்து வந்துவிடக் கூடாதென்று யாரும் குழந்தையைக் கூப்பிடவில்லை.

அழுது ஓய்ந்த வாலு, கோழி பார்ப்பதுபோல் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள். அப்படியே தவழ்ந்து அவன் மடிவரை வந்தாள். சட்டைக்கு நேராக விரலை நீட்டினாள். ஒருமுறை காற்றைக் கிள்ளினாள். அடுத்த முறை, பையோரம் ஒட்டியிருந்த நீல நூல் பிசிறு விரலோடு வந்தது.

"அப்பா, குப்ப."

அதைத் தரையில் போட்டுவிட்டு மறுபடியும் தலையைச் சாய்த்தாள். அளவு கொடுக்க வந்த ஆளைப் போல, அவன் இரண்டு கைகளையும் விரித்து அசையாமல் இருந்தான்.